அக்கரைக்குக் கொண்டுபோன நன்மை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தமானில் சாத்தம் ஃபெர்ரி ஜெட்டியில் என்னிடம் யார் பேசினாலும் பதில் வராது. தெரிந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு விலகிவிடுவார்கள். தெரியாதவர்கள், கிழவனுக்குக் காது போச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். சட்டைப் பையில் நன்மை இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.

நன்மை என்று கத்தோலிக்கர்கள் நாங்கள் சொல்வது, கோயில் பூசையில் சாமியார் தூக்கிக் காட்டி எழுந்தேற்றம் செய்து கொடுக்கிற அப்பத்தை. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, காகிதம்போல மெல்லிசாக இருக்கும். அது அப்பமில்லை, ஆண்டவரேதான் என்பது எங்கள் விசுவாசம். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில், சாமியார் நோயாளி வீட்டுக்கு அதைக் கொண்டுபோகும்போது முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு போவார். கடைவாசலில் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு முழங்காலில் நிற்பார்கள். இங்கே அந்தமானில் மணியும் கிடையாது, முழங்காலும் கிடையாது. ஃபெர்ரியில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் கோழிக்கூடையும் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் நான் பையைக் கையால் பொத்திக்கொண்டு ஊமை மாதிரி நிற்பேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருப்பது ஃபெர்ரிக்காரர்களுக்குப் பெரிய வேடிக்கை. இந்தப் படகுகளின் எஞ்சினோடு காலம் தள்ளி ரிட்டயர் ஆனவன் நான். எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே சத்தம்தான். கோபமும் சட்டென்று வரும். இதெல்லாம் தெரிந்த டெக்கில் வேலை பார்க்கிற ஒரு பயல், "க்யா சாச்சா, ஆஜ் பீ மௌன் விரத்?" என்று, இன்றைக்கும் மௌன விரதமா என இந்தியில் கேட்டுவிட்டுச் சிரிப்பான். நான் முறைப்பேன். திங்கட்கிழமை வட்டியும் முதலுமாகத் திட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

சாமியார் ஒருவர்தான், நோயாளிகள் தீவெல்லாம் இருக்கிறார்கள். அதனால் எங்களைப் போன்ற சில சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். என் பங்குக்கு வந்த நோயாளி என் மனைவியேதான். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு போய்த் திரும்பி வந்தது. விழுங்குவதுதான் இன்னும் சிரமம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு மாடியில். அந்தப் படிக்கட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கரையில் பம்பூபிளாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். நானும் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் இக்கரைக்கு வந்து, ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை பார்த்து, நன்மையைச் சிமிழில் வாங்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறுவேன்.

மகள் அதற்குள் எல்லாம் தயார் செய்திருப்பாள். கட்டில் பக்கத்தில் சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவைச் சுரூபம், மெழுகுதிரி, ஒரு தம்ளரில் தண்ணீர். அம்மாவுக்கு முகம் கழுவி, தலை சீவி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருப்பாள். மருமகன் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் வாசலில் உட்கார்ந்துகொள்வான். அவன் தெலுங்குக்காரன், இந்து. ஜெட்டி பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். என் மனைவியை அவன்தான் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோகிறான். பெற்ற பிள்ளை செய்யாததை அவன் செய்கிறான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அதுவும் நிஜம்தான்.

மகள் கட்டிலின் கால்மாட்டில் முழங்காலில் நிற்பாள். நான் வாசகம் வாசிப்பேன், செபம் சொல்லுவேன். முழு அப்பத்தை விழுங்கினால் மனைவிக்குப் புரையேறும். அதனால் இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவள் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். மறு பாதியை நான் உட்கொள்வேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேசை விரித்தவளுக்கு, மெழுகுதிரி ஏற்றியவளுக்கு ஒன்றும் கிடையாது.

அது எதனால் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு முதலில் எங்கள் ஊரில், எங்கள் ஆட்களுக்குள்ளேயே மாப்பிள்ளை பார்த்துக் கோயிலில் கல்யாணம் செய்து வைத்தோம். கப்பல் ஏறி மெயின்லேண்ட் போய் ஊரைக் கூட்டிச் செய்த கல்யாணம். மாப்பிள்ளை கல்ஃபுக்குப் போனான். போனவன் போனவன்தான். அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று ஊரே சொன்ன பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது. கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது. மகள் தீவுக்குத் திரும்பி வந்தாள். சில வருஷம் கழித்து இந்தத் தெலுங்குப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள்.

கோர்ட் கொடுத்த விவாகரத்தைக் கோயில் எடுத்துக்கொள்ளாது. முதல் கல்யாணம் இன்னும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இன்னொருவரோடு வாழ்கிறவர் நன்மை வாங்கக் கூடாது. அதுதான் சட்டம். பூசைக்கு வரலாம், செபிக்கலாம், காணிக்கை போடலாம். வரிசையில் மட்டும் வரக் கூடாது. அம்மா படுக்கையில் விழும்வரை அவள் வாராவாரம் கோயிலுக்கு வருவாள். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது, பெஞ்சில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஆட்கள் அவளைத் தாண்டிப் போகும்போது பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே நாலு பேரைச் சப்பென்று அறையலாம்.

ஒரு வழி இருக்கத்தான் செய்தது. முதல் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே கல்யாணமே இல்லை என்று ஆயரின் மறைமாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தால், பிறகு இந்தக் கல்யாணத்தையும் கோயிலில் ஒழுங்குபடுத்தலாம். சம்மதத்தில் குறை இருந்தது, அவனையோ அவளையோ கட்டாயப்படுத்தினார்கள், இப்படி ஏதாவது. நான்கூட, "நாங்கதான் வற்புறுத்திக் கட்டி வச்சோம்னு சொல்லிருளா, நான் வந்து சாட்சி சொல்லுதேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க வற்புறுத்தலியே. எனக்கு அவனப் புடிச்சித்தான் இருந்துச்சு. பீடத்துக்கு முன்னால முழு மனசோடதான் சம்மதம்னு சொன்னேன். அது பொய்யின்னு இப்போ எப்படிப்பா எழுதிக் குடுக்க?"

"அவன் மனசு சரியில்லாம இருந்திருக்கும்லா? அதச் சொன்னாலும் போதுமாமே."

"அவன் மனசுக்குள்ள நான் போய்ப் பாத்தேனா? அன்னிக்கு அவனும் சந்தோசமாத்தான் இருந்தான். அதுவும் நெசம், இவரோட இருக்கதும் நெசம். ரெண்டுல எதையும் பொய்யின்னு சொல்ல மாட்டேன். சோடோ பா, விட்டுருங்க."

சேசு மரி சூசையே, இப்படி ஒரு பிடிவாதக்காரியைப் பெற்றிருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பொய் சொல்லத் தெரிந்தவள் என்றால் எப்போதோ வரிசைக்கு வந்திருப்பாள். உண்மையைச் சொல்லுகிறவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. அன்றைக்கு வாசகம், ஆண்டவர் தம் உடலையே உணவாகத் தருவதாகச் சொன்னதும், இதை யாரால் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்று முணுமுணுத்துச் சீடர்களில் பலர் அவரை விட்டுப் போய்விடுகிற பகுதி. வாசித்து முடித்து, அப்பத்தை உடைத்து, மனைவியின் வாயருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தொண்டை வலிக்கிறதோ என்று பார்த்தேன்.

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"மூணு வேளையும் அவ கையால தின்னுதேன். என் மூத்திரத் துணிய அவ அலசுதா. அவளுக்கு இல்லாத நன்மை எனக்கு மட்டும் எதுக்கு? அவளுக்குக் குடுப்பியளா? அப்போ நானும் வாங்குதேன்."

மகள், "அம்மா, சும்மா இரு," என்றாள். என் மனைவி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். ஒன்றை உட்கொண்டேன். மற்றதையும் உட்கொண்டிருக்கலாம். ஆனால் அது அவளுக்கென்று கொண்டுவந்தது, மனசு வரவில்லை. திரும்பச் சிமிழில் வைத்து, திரும்ப ஃபெர்ரி ஏறி, கோயிலுக்கே கொண்டுபோனேன். வந்த வழியெல்லாம் பேசாமல் போனதற்குப் பக்தி காரணமில்லை. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு என்னென்ன வந்திருக்குமோ.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்ததும் அப்படியே. டாக்டர் இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்காது என்று சொல்லி வைத்திருந்தார். இவள் நன்மை இல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று பயந்தேன். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. கடலில் போகிறவன்கூட வாங்கிவிட்டுத்தான் போவான்.

சாமியாரிடம் போனேன். அவர் ராஞ்சிப் பக்கத்து இளைஞர். தமிழ்ப் பூசையை இந்தி எழுத்தில் எழுதிவைத்து, ஒரு சொல் பிசகாமல் வாசிப்பார். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். நான் சத்தம் போட்டேன். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் சனிக்கிழமை உங்களிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டுகிறான், அவனுக்குக் கொடுக்கிறீர்கள். பக்கவாதக்காரியின் மலத்தை அள்ளுகிறவளுக்கு இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். இனிமேல் சிமிழைத் தொட மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. நடத்தியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"அங்கிள், எனக்கும் இது கஷ்டமாகத்தான் இருக்கிறது," என்றார்.

"கஷ்டமாக இருந்தால் மாற்றுங்கள்."

"மாற்ற நான் யார்? என் கையில் இருந்தால்..." என்று நிறுத்திவிட்டார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சிமிழைத் தொடாவிட்டாலும் வாருங்கள்," என்றார். டீ கொடுத்தார். கோபத்தோடேயே குடித்தேன்.

வெளியே வந்ததும் விட்டுத் தொலைத்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் கோயிலை விட்டுப் போய், ஒரு ஹாலில் கைதட்டிச் செபிக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டது. அங்கே இந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. என் மகளைத் தாராளமாக ஏற்றுக்கொள்வார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் எனக்கு அங்கே நன்மை இருப்பதாக நம்பத் தெரியவில்லை. நம்பாத இடத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. நம்புகிற இடத்தில் கதவை மூடி வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தேன். உடைப்பது என் கை. ஒரு பாதி மனைவிக்கு, மறு பாதி மகளுக்கு. அறைக்குள் எங்கள் மூன்று பேரைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஆண்டவர் பார்ப்பார். பார்க்கட்டும். அவர் கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும், அவளிடம் வேண்டாம். சிமிழைத் தொட மாட்டேன் என்று சொன்னவன் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றதும் சாமியாருக்கு ஒரே சந்தோஷம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் வழக்கம்போல மேசை விரித்திருந்தாள். அம்மா வாங்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வாரமும் அவள் விரிக்காமல் இருந்ததில்லை. செபம் முடிந்தது. நான் அப்பத்தை உடைத்தேன். மனைவியிடம் போகாமல் கால்மாட்டுப் பக்கம் திரும்பி, ஒரு பாதியை மகளிடம் நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். உதடு தானாகவே கொஞ்சம் விலகியது. சின்ன வயதில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நின்றாளே, அதே முகம். வாங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா."

"யாருக்கும் தெரியாதுளா மக்களே."

"எனக்குத் தெரியும்லா? திருடித் தின்ன மாதிரி இருக்கும். எனக்குத் தாறதா இருந்தா கோயில்ல வச்சு, எல்லாரும் பாக்க, சாமி தரட்டும். அதுவரைக்கும் வேண்டாம்."

"அதுவரைக்கும்னா? சாகுற வரைக்குமா?" நான் கத்திவிட்டேன். வாசலில் மருமகன் எழுந்து நிற்பது கேட்டது.

"இருக்கலாம்."

கட்டிலிலிருந்து என் மனைவி, "அப்போ ஏட்டி, எதுக்கு இன்னும் கும்பிடுத?" என்றாள். அழுதுகொண்டே கேட்டாள். "விட்டுத் தொலையேன். இவுக சட்டமும் இவுகளும்!"

"எங்கம்மா போகச் சொல்லுத? எனக்கும் கோவம் வருது, நெறய வருது. இது சரின்னு எனக்கும் படல. ஆனா அதுக்காக இது வெறும் அப்பம்னு நெனைக்க வரமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை ஆனா பசிக்குது. பசிக்கட்டும். பசிக்காமப் போயிட்டுன்னாத்தான் எனக்குப் பயம்."

மகள் கால்மாட்டிலிருந்து எழுந்து தலைமாட்டுக்கு வந்து, அம்மாவின் தாடையைப் பிடித்தாள். சோறு ஊட்டும்போது பிடிப்பதுபோலத்தான்.

"நீ வாயத் தொற. எனக்காகப் பட்டினி கிடக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கியா? நீ வாங்குததப் பாத்தாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடும். அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. அதையும் நீ புடுங்கிட்ட."

என் மனைவியின் முகம் கோணிக்கொண்டது. பக்கவாதத்தால் வந்த கோணல் வேறு, இது வேறு. நல்ல கையால் மகளின் கன்னத்தைத் தடவினாள். பிறகு வாயைத் திறந்தாள். வைத்தேன். மகள் தண்ணீர் கொடுத்தாள். மனைவி மெதுவாக விழுங்கினாள்.

அந்தச் சட்டத்தை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயர் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன், இதே சத்தத்தில் சொல்வேன். எதுவும் மாறவும் இல்லை. மனைவி உயிரோடு இருக்கிறாள், அதே கட்டில்தான். நான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், வாங்குகிறேன், ஃபெர்ரி ஏறுகிறேன். ஏன் விடவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வது? மகளே விடவில்லை, எனக்கு என்ன வந்தது?

அன்றைக்கு என் கையில் மறு பாதி மிச்சமிருந்தது. மகளிடம் நீட்டிய பாதி. அவள் திரும்பவும் கால்மாட்டில் போய் முழங்காலில் நின்றாள். அவள் கண்முன்னால் அதை வாயில் போடுவதைப்போல ஒரு கஷ்டமான காரியத்தை நான் என் ஆயுசில் செய்ததில்லை. போட்டேன். நன்மை வாங்குகிறவன் ஆமென் சொல்ல வேண்டும். அழுகையில் எனக்குக் குரல் வரவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, எனக்காக அவளே சத்தமாக, "ஆமென்" என்றாள்.